கழுத்தில் விழுந்த சங்கிலி

வெண்டலின் அங்கியில் பாக்கெட் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சனி, ஞாயிறு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சந்தை மைதானத்தில் கூடாரமடித்து, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா, வீரர் என்று வாழ்ந்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போகிற கூட்டம் அது. வெண்டலின் மனைவி மார்லிஸுக்கு அதுதான் உயிர். அந்தக் காலத்தில் பாக்கெட்டே கிடையாது என்று அங்கியைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அன்று மாலை ராஜா அவளுக்குப் பட்டம் கொடுக்கப்போகிறார்.

"இங்க பாரு வெண்டல், இன்னிக்கு ஒரு நாள் என் மானத்த வாங்காம இரு. அது போதும்."

இருப்பதிலேயே சாதுவான இடமாகப் பார்த்து, கம்பிப் பின்னல் வகுப்பில் போய் உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தைக் காரில் ஒளித்துவிட்டு வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டதால், டீச்சர் முதலில் சொன்ன எச்சரிக்கை அவன் காதில் விழவில்லை. மரக்குச்சியைச் சுற்றி வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்ன வேண்டும். மார்லிஸுக்கு ஒரு கைச்சங்கிலி என்று கணக்கு. வந்தது என்னவோ கோணல்மாணலாக. பல அளவில் ஓட்டை போட்ட பலகை வழியாக இழுத்தால் சீராகும் என்றார்கள். இழுத்தான். சீரானது, கூடவே நீண்டது. இன்னும் சின்ன ஓட்டையில் விட்டு இழுத்தான். இன்னும் நீண்டது. கடைசியில் கழுத்துச் சங்கிலியாகவே ஆகிவிட்டது. வைக்க இடமில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

எதிரே வந்தவர்களெல்லாம் குனிந்து வணங்கினார்கள். என்ன சங்கதி என்று கோழி வறுத்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தான். கழுத்துச் சங்கிலி என்பது வீரப் பட்டம் பெற்றவருக்கு ராஜா தன் கையால் போடுவது. வேறு யாராவது போட்டுக்கொண்டால் அதைவிட மானக்கேடு கிடையாது என்றார் அவர்.

வெண்டல் சட்டென்று சங்கிலியை அங்கிக்குள் தள்ளினான்.

"என்னா அடக்கம் பாருய்யா" என்றார் ஒருவர்.

நான் வீரனே இல்லை என்றான். பெரிய வீரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். கழற்றிப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்தான். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தமாம். வெளியூர் வீரர் சவால் விடுகிறார் என்று கொம்பு ஊதிவிட்டார்கள்.

விருந்தாளியின் சவாலை மூத்த வீரர் மறுக்கக் கூடாது. மூத்தவர் சர் ஆல்ட்ரிக். அவர் கத்தி தூக்கி யாரும் பார்த்ததில்லை. தூக்கினால் எதிராளி தேறமாட்டான், பாவம் என்றுதான் விட்டுவைத்திருக்கிறார் என்று பேச்சு. கழுத்தில் கனத்த சங்கிலி மின்ன எழுந்தார்.

ராஜாவுக்குப் பக்கத்தில் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் பட்டம் போயே போச்சு. அதற்கு அடி வாங்கிச் சாகலாம் என்று வெண்டல் முடிவுசெய்தான். யார் யாரோ கவசம் மாட்டினார்கள், பிரம்புக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள்.

சண்டைக்கு முன் இரண்டு வீரர்களும் தலைக்கவசத்தோடு தலைக்கவசம் முட்டி வணங்குவது அங்கே வழக்கம். ஆல்ட்ரிக் குனிந்து முட்டினார். இரும்புக்குள்ளிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது.

"சார், கொஞ்சம் பாத்து அடிங்க. என் சங்கிலி நானே பின்னுனதுதான்."