ஒரு போர்டும் ஆறு கட்டிலும்

"போர்டுல இருக்கறது நிஜமா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர்.

மெழுகுவர்த்திக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் விற்கும் கடை அவளுடையது. அதன் உச்சியில் 'வருமானம் முழுவதும் ஆதரவற்ற முதியோருக்கே' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. யாரோ எழுதச் சொல்லிவிட்டு வாங்க வராத போர்டு. பெயின்டர் அதைப் பாதி விலைக்கு அவள் தலையில் கட்டியிருந்தார். மாட்டிய நாளிலிருந்து வியாபாரம் சூடு பிடித்தது.

"தர்மம்னு சொல்லிச் சாமி சாமான் விக்கறவங்க, அந்தத் தர்மத்தைக் கண்ணுல காட்டணும். புதுச் சட்டம். முடியலேன்னா போர்டைக் கழட்டிடுங்க. இல்லே, கடையையே எடுக்க வேண்டியிருக்கும்."

கழற்றியிருக்கலாம். ஓர் ஆணிதான். ஆனால் அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் முன்னால் கழற்றினால், திருடி என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

"எதுக்குக் கழட்டணும்? இல்லம் என் வீட்டுலயேதான் நடக்குது. நாளைக்கு வந்து பாருங்க!"

வீட்டில் கணவர் கேட்டார். "இல்லமா? எங்கடி இருக்கு?"

"இந்த முன்னறைதான். நீங்கதான் முதியோர். அந்தக் கிழிஞ்ச பனியனைப் போட்டுட்டுப் படுங்க."

"எனக்கு அறுபத்திரண்டுதான்டி ஆகுது!"

"பாத்தா எழுபது சொல்லலாம். படுங்க."

மறுநாள் இன்ஸ்பெக்டர் கட்டிலருகே குனிந்தார். "பெரியவரே, உங்களுக்குன்னு யாரும் இல்லையா?"

கணவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "இருந்தா எனக்கு இந்தக் கதி வருமா, சார்?"

முப்பத்தைந்து வருஷத்து வேதனை அந்தக் குரலில் இருந்தது. இன்ஸ்பெக்டர் நம்பிவிட்டார். ஆனால் கிளம்பவில்லை.

"ஒருத்தரை வச்சுக்கிட்டு இல்லம்னா எப்படிம்மா?"

"இன்னும் அஞ்சு பேருக்கு இடம் இருக்கு சார். கட்டில் பாலிஷுக்குப் போயிருக்கு."

"அப்ப நாளைக்குக் கட்டிலைப் பாக்க வரேன்."

அன்றிரவு அந்தத் தெருவில் ஐந்து குடும்பங்கள் கட்டிலை இரவல் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தன. முன்னறையில் ஆறு கட்டில்கள் நெருக்கியடித்து நின்றன. மறுநாள் நடக்க வழியில்லாமல் இன்ஸ்பெக்டர் கட்டில் கட்டிலாக ஏறி இறங்கினார். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

"இங்க காத்து வருமா?"

"காத்தா? புயலே வரும்!"

"குளிக்க வெந்நீர்?"

"கேட்ட நேரத்துக்கு."

"ஒருத்தர் சாப்பாட்டுல நொட்டை சொல்லிட்டே இருந்தா? நாள் முழுக்க ரேடியோவை அலறவிட்டா?"

இவர் என்ன, மடக்கப் பார்க்கிறாரா? அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் இந்த இல்லமே!"

"கட்டணம்?"

"தர்மத்துக்குக் கட்டணமா? கேக்கவே காது கூசுது!"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போர்டுக்கான அனுமதிக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். முதல் தடவையாகக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா?" என்று அவள் கடிதத்தைக் கணவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "சட்டமாம், பெரிய சட்டம்! என் போர்டுல ஓர் ஆணியை அசைக்க முடிஞ்சுதா?"

மறுநாள் காலை, ஜன்னலோரத்து இரவல் கட்டிலைத் திருப்பிக் கொடுக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அங்கே டிரங்குப் பெட்டியும், அலறும் ரேடியோவுமாக ஒரு கிழவர் வழியை மறித்து நின்றார்.

"யாருங்க நீங்க?"

"உங்களுக்கு அனுமதி குடுத்தாரே இன்ஸ்பெக்டர், அவரோட மாமனார். பத்து போர்டு பாத்துட்டாராம்மா எங்க மாப்பிள்ளை, பத்தும் பொய்யாம். நீங்க ஒருத்தர்தான் நிஜம்னார். அந்த ஜன்னலோரக் கட்டிலை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"