486-க்கு ஒரே ஒரு ஆள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நவநீத் ஒரு 'ஒய்'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'என்' போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மெயில் வந்துவிட்டது.

"ஐயா, தங்கள் வெள்ளிக்கிழமை பில்ட் எனது 486 கம்ப்யூட்டரில் துவங்கவில்லை. திரை கறுப்பாகவே உள்ளது. தங்கள் தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும். எஸ். பட்டாபிராமன்."

நவநீத் இரண்டு தடவை படித்தான். பிறகு பக்கத்து இருக்கைக்குத் திரும்பினான்.

"ஏனுங்க, 486 எல்லாம் இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

"மியூசியத்துல இருக்கும்," என்றாள் சாதனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தரு கேட்டுட்டாருங்க."

சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில் இருந்த அந்தக் கம்பெனி, எடை மெஷினுக்கும் டிக்கெட் கவுன்ட்டருக்கும் உள்ளே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தயாரித்தது. அதன் அடித்தளமாக இருப்பது கர்னல். ஒவ்வொரு தடவையும் கர்னலைக் கட்டி எழுப்பி 'பில்ட்' ஒன்றை வெளியிடுவதற்கு முன் நாலாயிரத்துச் சொச்சம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த பிராசசர் வேண்டுமா, அந்த டிரைவர் வேண்டுமா என்று. வேண்டுமென்றால் ஒய். வேண்டாமென்றால் என்.

486 என்கிற பிராசசர், நவநீத் பொள்ளாச்சியில் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் வந்தது. அதைப் பற்றிய கேள்விக்குக் கம்பெனியில் எல்லோரும் வழிவழியாக ஒய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று முதலில் கேட்டவர் மேனேஜர் தேபாஷிஷ்-தா; அங்கே 'அண்ணா'வுக்குத் 'தா'.

"அந்தக் குப்பையை எடுத்துடு, நொபோனீத்," என்று போன வாரம் சொல்லியிருந்தார். வங்காளி நாக்கில் நவநீத் அப்படித்தான் வரும். "பூஜை லீவுக்கு முன்னால ரிலீஸ். சுத்தமா முடிச்சுக் குடு. ஜனவரியில உன்னைக் கோயமுத்தூர் ஆபீசுக்கு மாத்திடறேன்."

கோயமுத்தூரில் கலா இருந்தாள். தை மாதம் கல்யாணம். கல்யாணமான மறுநாளே ஹவுரா ரயிலேறும் உத்தேசம் தனக்கில்லை என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

நவநீத் மெயிலைத் தேபாஷிஷ்-தாவிடம் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எத்தனை பேர் உபயோகிக்கறாங்க?"

"இவரு ஒருத்தருதான் சார்."

"அரே பாபா! ஒருத்தர் இருந்தாலும் எடுக்கக் கூடாது. கம்பெனி ஆரம்பிச்சவர் போட்ட ரூல். திரும்ப ஒய் போடு."

"அப்ப கோயமுத்தூர்?"

"அவரே 'எனக்கு வேண்டாம்'னு எழுதிக் குடுத்தா எடுத்துடலாம். அதுவரைக்கும் அவர் மெஷின் ஓடணும்."

ஒய் போடுவது பெரிய வேலையில்லை. ஆனால் நவநீத் சுத்தக்காரன். 'என்' போட்ட கையோடு, இனி தேவையில்லை என்று அது சம்பந்தப்பட்ட பழைய புரோகிராம் வரிகள் முழுவதையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளியிருந்தான். அதையெல்லாம் பொறுக்கியெடுத்துத் திரும்ப ஒட்டவைக்க மாலை ஆயிற்று.

செவ்வாய் ஒன்பது பத்து.

"ஐயா, தற்போது துவங்குகிறது. நன்றி. ஆனால் கடிகாரம் விரைவாக ஓடுகிறது. நான் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அதில் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது."

புது பிராசசர்களுக்குள் நேரத்தை எண்ணும் ஓர் எண்ணி உண்டு. 486-இல் அது கிடையாது. நவநீத் அதை மறந்துவிட்டான். கடிகாரம் பற்றிய கேள்விக்குப் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து பில்டை அனுப்பினான்.

புதன் ஒன்பது பத்துக்கு, "கடிகாரம் சரி. நன்றி" என்று மெயில் வந்தது. நவநீத் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது தேபாஷிஷ்-தா அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்ணினே?"

"கடிகாரத்தைச் சரி பண்ணினேனுங்க சார்."

"யாருக்கு?"

"486-க்கு."

"எல்லாருக்கும் பண்ணியிருக்கே! ஹூக்ளி பக்கம் கோல்ட் ஸ்டோரேஜ்ல புது மெஷின் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை எடை போட நாலு நிமிஷம் எடுத்துக்குது. நெடுஞ்சாலை வரைக்கும் லாரி நிக்குது. டிரைவருங்க போன்ல என்ன பாஷையில பேசறாங்க தெரியுமா? எனக்கு அந்த வங்காளியே புரியலை."

அன்று மத்தியானம் கலா கூப்பிட்டாள்.

"டிரான்ஸ்பர் என்னாச்சுங்க?"

"486-னால கொஞ்சம் நிக்குது, கலா."

"486-ங்கறது என்ன, பஸ் நம்பரா?"

அவன் விளக்கினான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எங்கப்பா கிட்ட நான் பஸ்ஸுன்னே சொல்லிக்கிறேன். அதுதான் நம்பற மாதிரி இருக்குது," என்று வைத்துவிட்டாள்.

486-க்குப் பழைய கடிகாரம், மற்றவர்களுக்குப் புதியது என்று நவநீத் பிரித்துப் போட்டான். லாரிகள் நகர்ந்தன. ஆனால் பிரிக்கிற அவசரத்தில் வேறொரு 'ஒய்', 'என்' ஆகிவிட்டது. பட்டாபிராமனின் மலிவுவகை 486-க்குத் தசமக் கணக்குத் தெரியாது. கர்னல்தான் அதற்குப் பதிலாகக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வியாழன் ஒன்பது பத்து. "ஐயா, இரண்டும் இரண்டும் நாலு என்று சரியாகச் சொல்கிறது. இரண்டரையும் இரண்டரையும் என்று கேட்டால் உயிரை விட்டுவிடுகிறது."

கணக்குப் பகுதியைச் சேர்த்தான். கர்னல் பருத்துப் போயிற்று. அந்தப் பழைய மெஷினின் துளியூண்டு நினைவகத்தில் அது நுழையவில்லை.

வெள்ளி ஒன்பது பத்து. "ஐயா, தங்கள் நேற்றைய பில்ட் எனது 486 கம்ப்யூட்டரில் துவங்கவில்லை. திரை கறுப்பாகவே உள்ளது."

சாதனா எட்டிப் பார்த்துப் படித்தாள். "சுத்திச் சுத்தித் திங்கட்கிழமைக்கே வந்துட்டீங்க."

நவநீத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"கீழே அட்ரஸ் இருக்கே," என்றாள் அவள். "லேக் மார்க்கெட். பேரைப் பார்த்தாலே தெரியலை? நம்ம ஊர்க்காரர்தான். நேர்ல போய் ஷோஜா கேட்டுடுங்க. நேரா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

தேபாஷிஷ்-தாவுக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. பதிலுக்குக் கொடுக்க ஆபீஸ் லாப்டாப் ஒன்றையே தூக்கிக் கொடுத்தார். "இதை வாங்கிட்டு, வேண்டாம்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. ஒரே வரி."

சனிக்கிழமை காலை நவநீத் லாப்டாப் பையும் சந்தேஷ் இனிப்பு டப்பாவுமாகக் காளிகாட் மெட்ரோவில் இறங்கினான். தெருவுக்குத் தெரு பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலுக்கு அடியில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து போகும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்தான். "ஐயா, காலம் மாறிப்போச்சுங்க. அதை எடுத்துடலாமுங்களா?" மரியாதையாகவும் இருந்தது, சுருக்கமாகவும் இருந்தது.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேனா செருகிய பை. வீட்டுக்குள்ளேயே ஆபீசுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார்.

"கம்பெனியிலேர்ந்தா? நேர்லயா? வாப்பா, வா! நாகலக்ஷ்மி, யார் வந்திருக்கா பார்!"

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "உக்காருப்பா. காப்பி தரேன்," என்றாள். ஆனால் உட்காரத்தான் இடமில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதையும் 486 பிடித்துக்கொண்டிருந்தது. குண்டு மானிட்டர், கறை படிந்த பெட்டி, பக்கத்தில் ஒரு மேஜை விசிறி. நாற்காலிகளின் மேல் பழைய போர்டுகள்.

"இதெல்லாம் உதிரி பாகம்," என்றார் பட்டாபிராமன். "சாந்தினி மார்க்கெட்ல குப்பையோட குப்பையா கிடக்கும். தேடி எடுத்துண்டு வந்து வச்சுப்பேன். திடீர்னு ஒண்ணு போச்சுன்னா என்ன பண்றது?"

"நீங்க எங்கீங்க சாப்பிடறது?"

"கீழே உக்காந்துதான். முழங்கால்தான் கொஞ்சம் தகராறு பண்றது. பழகிப்போயிடுத்து."

அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். வரிசையாக நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பில்ட் எண், ஓடியதா இல்லையா.

"காலம்பர ஒன்பது மணிக்கு உக்காந்துடுவேன். பேங்க்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன், அந்தப் பழக்கம். தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னப்பவும் விட்டதில்லை. லாக்டவுன்ல விட்டதில்லை."

"ஊருக்குப் போறப்ப?"

"எங்கே போறது? நியூ ஜெர்சியில பொண்ணு இருக்கா. வா வான்னு கூப்பிட்டுண்டேதான் இருக்கா. பேரன் பொறந்து நாலு வயசாச்சு, போன்லதான் பாக்கறோம்." அவர் 486-இன் தலையில் கை வைத்தார். "இதை யார்கிட்ட விட்டுட்டுப் போறது, சொல்லு?"

நவநீத் மனப்பாடம் செய்த வாக்கியம் எங்கோ மூங்கிலுக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

லாப்டாப்பை மட்டும் நீட்டிப் பார்த்தான். "ஐயா, கம்பெனியில இதை உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"எனக்கா? எதுக்குப்பா? பொண்ணு அனுப்பினது உள்ளே ஒண்ணு புதுசா இருக்கு," என்று சிரித்தபடி பையை அவன் பக்கமே தள்ளினார். "எனக்கு இது போதும். இது ஓடினாச் சரி."

புது லாப்டாப்பை உள்ளே பூட்டி வைத்துவிட்டு முப்பது வருஷத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் விசிறி வைக்கிற மனுஷர்! இவர்முன் காலம் மாறிப்போச்சு என்று யார் சொல்வது? நவநீத் கோயமுத்தூரை நினைத்தான். கலாவை நினைத்தான். அப்புறம் மேஜை விசிறி 486-ஐப் பார்த்துத் தலையாட்டுவதைப் பார்த்தான். அவ்வளவுதான், மனசு கரைந்துபோயிற்று.

"ஐயா, நீங்க இனி கவலையே பட வேண்டாம்," என்றான். "486-ஐ நாங்க எடுக்கவே மாட்டோமுங்க."

பட்டாபிராமன் அவனைப் பார்த்தார். "எடுக்கவே மாட்டேளா?"

"எப்பவுமேங்க."

"அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு ஏதாவது…"

"எத்தனை வருஷமானாலும். உங்களுக்குன்னு தனி பில்ட். நானே பொறுப்பெடுத்துக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. மனிதர்களை இவ்வளவு நெகிழவைக்க முடிகிற வேலை தன்னுடையது என்று நவநீத்துக்கு அன்றுவரை தெரியாது. வாய்வார்த்தை போதாதென்று அங்கேயே நின்றபடி போனை எடுத்து, கம்பெனியின் பொது மெயில் பட்டியலில் எழுதினான்: '486-க்கான ஆதரவு நிரந்தரமானது. பொறுப்பு: நவநீத்.' எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினான்.

"ரொம்ப… ரொம்ப சந்தோஷம்," என்றார் பட்டாபிராமன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நவநீத் காப்பி குடித்து முடிப்பதற்குள் தேபாஷிஷ்-தாவின் பதில் வந்துவிட்டது. 'சபாஷ். அப்போ ஜனவரி கேன்சல். பொறுப்பு இங்கே, நீ அங்கேன்னா எப்படி?' அதற்குக் கீழே கலாவின் இரண்டு தவறிய அழைப்புகள். பரவாயில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். கலாவுக்கும் மனசு இருக்கிறது. ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டைக் காட்டினால் புரிந்துகொள்வாள்.

விடைபெற்று இறங்கினான். முதல் மாடித் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்ப்பா. அவருக்குத் தெரிய வேண்டாம். அவரா கேக்க மாட்டார், வாக்குக் குடுத்துட்டேன் வாக்குக் குடுத்துட்டேன்னே சொல்லிண்டிருப்பார்."

"சொல்லுங்கம்மா."

"பதினோரு வருஷம் முன்னால உங்க கம்பெனியிலேர்ந்து ஒரு அறிவிப்பு வந்தது. இந்தப் பழைய கம்ப்யூட்டரை எங்கேயோ ஒருத்தர் இன்னும் உபயோகிக்கறார், அவருக்காகத் தினமும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும்னு. ரிடையர் ஆன புதுசு, இவர் நான் பாக்கறேன்னுட்டார். அதுக்குன்னே இந்தப் பெட்டியைத் தேடிப் பிடிச்சு வாங்கிண்டு வந்தார். மத்தபடி எங்களுக்கு இதால ஒரு காரியமும் கிடையாது. திங்கட்கிழமை அது கிளம்பலைன்ன உடனே, அப்பாடா, எடுத்துட்டான்னு பால் பாயசமே வச்சுட்டேன்."

அவள் ஒரு படி கீழே இறங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

"இத்தனை வருஷமா இதை விட மாட்டேங்கறாரே அந்த ஒருத்தர், அவர் யாருப்பா? அட்ரஸ் மட்டும் குடு, நானே போய் அவர் கால்ல விழறேன்."