உறுதி பார்க்கும் வயர்மேன்

பழுது பார்த்த பொருளைச் சும்மா விடத் தெரியாத மனித இனம் ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய கோப்பையின் பிடியைப் பசை காய்வதற்குள் இழுத்துப் பார்ப்பார்கள். கால் ஆடிய நாற்காலிக்கு ஆணி அடித்த கையோடு அதில் மூன்று தரம் தொப்பென்று உட்கார்ந்து எழுவார்கள். புதுப் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டு, காயவில்லை என்பதைக் கைரேகையோடு சுவரில் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். கேட்டால், உறுதி பார்த்தார்களாம்.

நம் வயர்மேன் இந்த இனத்துக்குத் தலைவர். இருபது வருஷமாக வயரின் தோலைப் பல்லாலேயே உரித்து, முன் பல்லில் ஒரு மூலையைப் பறிகொடுத்தவர். அதனால் எந்தக் குடும்பப் படத்திலும் அவர் சிரித்ததில்லை. வாய்க்குள் எதையோ ஒளித்து வைத்திருப்பவர் போல நிற்பார். மகளுக்குப் பட்டமளிப்பு விழா வந்தது.

"அப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என் பக்கத்துல நின்னு, வாயத் தெறந்து சிரிச்சு ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

மனிதர் உருகிப்போனார். அன்றைக்கே ஓடினார்.

பல் டாக்டர் அம்மா உடைந்த இடத்தைச் சுத்தம் செய்து, பசை தடவி, பல்லின் நிறத்திலேயே ஒரு கலவையை வைத்து இழைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். எது சொந்தப் பல், எது ஒட்டியது என்று கண்ணாடியில் பார்த்த இவருக்கே தெரியவில்லை.

"எத்தன வருஷம் தாங்கும்மா?"

"அது உங்க கையிலதான் இருக்கு. முன் பல்லு பேசறதுக்கும் சிரிக்கறதுக்கும் மட்டும். ஆப்பிளக்கூட வெட்டித்தான் சாப்பிடணும். வயர் பக்கமே கொண்டுபோகாதீங்க."

கொண்டுபோகவில்லைதான். பத்து நாள் கட்டிங் பிளேயரும் கையுமாகத் திரிந்தார். ரொட்டியைக்கூடப் பிய்த்துக் கடைவாய்க்கு அனுப்பினார். இது நம் வீட்டு மனிதர்தானா என்று மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விழா நாள். மகள் கறுப்பு அங்கியோடு போட்டோ வரிசையில் நிற்கிறாள். முன்னால் இரண்டே குடும்பம். அப்போது பார்த்து அவருக்குள்ளிருந்த வயர்மேன் விழித்துக்கொண்டார். எந்த இணைப்பையாவது இழுத்துப் பார்க்காமல் கரண்ட் கொடுத்ததுண்டா? சிரிக்கிற நேரத்தில் விழுந்து தொலைத்தால் பெண்ணுக்கு எவ்வளவு அவமானம்? சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சாண் வயர் அகப்பட்டது. பல்லிடுக்கில் வைத்து, லேசாக, வெகு லேசாக, ஒரே ஒரு இழுப்பு.

ஒட்டிய பல் துண்டு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

மகள் கையைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள்.

"டெஸ்ட் பண்ணீங்களாப்பா?"

"லேசாத்தான்மா."

அந்தப் படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. அப்பா வாயை இறுக மூடியிருக்கிறார், வெட்கத்தில். பக்கத்தில் மகளும் மூடியிருக்கிறாள், கோபத்தில். பார்க்கிறவர்களோ, அப்பனும் மகளும் அச்சு அசல் ஒரே ஜாடை என்கிறார்கள்.

உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன் பல் வரிசையை ஒரு நாக்கு தடவிப் பார்த்ததே, அது யாருடைய நாக்கு?