முதலாளி சொன்ன நாலு நல்ல வார்த்தை

நான் ஒழுங்காக வருமான வரிக் கணக்குக் காட்டுகிறவன். இதைக் கம்பம்மெட்டில் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கடன் கேட்பார்கள். ஆனாலும் பிள்ளைகளே, அந்தக் கணக்கால் நான் ஒரு நாள் ஊர் சிரிக்க நின்ற கதையை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

என் தொழில் ஏலக்காய் ஸ்டோர் பழுது பார்ப்பது. (ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம்.) செல்லப்பாண்டி முதலாளியின் ஸ்டோரில் மூன்று வருஷம் வேலை செய்தேன். கூலி கேட்டால், "காய்க்கு விலை ஏறட்டும் முருகேசா" என்பார். ஒருவழியாக விலை ஏறியது. மூன்று வருஷக் கூலியும் ஒரே நாளில் பேங்கில் விழுந்தது. உங்கள் அம்மா பாயசம் வைத்தாள்.

பாயசம் ஆறுவதற்குள் தலைவலி வந்துவிட்டது. எனக்கு வரிக் கணக்குப் போட்டுத் தரும் ஷீஜா மேடம், "காசு கைக்கு வந்த வருஷத்துலதான நீங்க எப்பவும் காட்டுறீங்க? இதையும் இந்த வருஷமே காட்டணும்" என்றார்.

வரி பெரிதாக இல்லை. ஆனால் உங்கள் அக்கா நர்சிங் சேர்ந்திருந்த நேரம் அது. கட்டணச் சலுகைக்கு வில்லேஜ் ஆபீசில் வருமானச் சான்று வாங்க வேண்டும். மூன்று வருஷக் கூலி ஒரே வருஷத்தில் ஏறினால் வரம்பைத் தாண்டிவிடும், சலுகை போய்விடும்.

மறைக்க மனசு வரவில்லை. (நேர்மை பாதி, பயம் பாதி.) இது மூன்று வருஷத்துப் பணம் என்று முதலாளி வாயாலேயே ஆபீசரிடம் சொல்ல வைத்தால் போதும் என்று நினைத்தேன். அவருடைய ஜீப்பிலேயே போனோம்.

"முதலாளி, சார் கேட்டா என்னப் பத்தி நாலு வார்த்தை நல்லபடியாச் சொல்லுங்க."

"அத எங்கிட்ட விடுய்யா!"

நம் பக்கத்தில் வெளியாள் ஒருவன் இன்னொருவனைப் பற்றி விசாரித்தால், அது பெண் கொடுக்கத்தான். அப்போது சம்பாத்தியத்தை இரண்டு மடங்காக்கிச் சொல்வதுதான் மரியாதை. முதலாளி இப்படியே பல கல்யாணங்களை முடித்து வைத்தவர். இது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஆபீசர் கேட்டார்: "முருகேசனுக்கு எப்படி, நல்ல வருமானமா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! மலை பூரா இவனத்தான் கூப்புடுறாங்க. மாசம் ஒரு லட்சத்துக்குக் கொறையாது!"

அவர் காலை மிதித்தேன்.

"ஆ... ஒண்ணரைன்னே வச்சுக்கங்க!"

"கூலி பாக்கியச் சொல்லுங்க முதலாளி, பாக்கிய!"

"ஆமா சார், அதயும் கேளுங்க. மூணு வருஷமா எங்கிட்ட ஒத்தப் பைசா வாங்கல. காசுக்கு அவசரமே இல்லாத ஆளு!"

வரிசையில் நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் பேனாவை மூடினார். "பின்ன எதுக்குங்க உங்களுக்குச் சலுகை?"

பில், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். நல்ல மனிதர், நான் சொன்னதை நம்பினார். ஆனாலும் இந்த வருஷம் வந்தது இந்த வருஷ வருமானம்தான் என்று உள்ளபடியே எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் சலுகை இல்லை. தாமதமாய் வந்த பணம், கொஞ்சமும் தாமதிக்காமல் கல்லூரிக்குப் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. அந்த வரிசையில் கோயில் கமிட்டிக்காரர் ஒருவரும் நின்றிருக்கிறார். சாயங்காலமே நன்கொடை ரசீதோடு வந்துவிட்டார். தொகையை அவரே எழுதியிருந்தார். என் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' என்றும் போட்டிருந்தார்.

ஹாலில் அந்த ரசீது ஏன் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது என்று கேட்டீர்களே, இதுதான் காரணம். அக்கா தன் முதல் சம்பளத்தில் போட்ட சட்டம் அது. நான் கழற்றிக் கழற்றி வைக்கிறேன். ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அவள் திரும்ப மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள்.