குதிரைக்குப் புல், எனக்குத் தூக்கம்

என் மூக்கும் என் மூளையும் அப்படியே வாய்த்த பேத்திக்கு, ஐந்தாவது வரை முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்த உன் பாட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் குதிரை சீமாட்டியின் முன்னங்கால்கள் மட்டும் சௌக்கியமில்லை. பயப்படாதே, நான் இருக்கிறேன்.

குதிரை டாக்டர் குளம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தான புல்லையே தின்னா இவ படுத்துடுவா. புது வயல்ல அறுகு போடுங்க, காயவெச்சுக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். வயல் உழுது கிடக்கிறது, மழைக்குள் விதைத்தாக வேண்டும், உன் அப்பனோ, "அம்மா, தீவனத்துக்குக் குதிரைமசாலே போடலாம், பேர்லயே குதிரை இருக்கே!" என்கிறான். "உன்னைக்கூடத்தான் ராசான்னு கூப்பிடறேன், நீ என்ன நாடா ஆள்றே?" என்று கேட்டு வாயை அடைத்தேன். அப்புறம் விதைக்கடைக்காரர் காய்ந்த புல்லாக ஒரு பெட்டி நிறைய மாதிரி அனுப்பினார், கூடத்தில் பரப்பினோம், உன் அம்மா மோந்து பார்த்துத் தும்மினாள், அப்பன் மென்று பார்த்துத் துப்பினான். நான் ஒவ்வொன்றின் மேலும் படுத்துப் பார்த்தேன். ருசி குதிரைக்குத் தெரியும், பதம் முதுகுக்குத்தானே தெரியும்? அறுகு குத்தியது. குதிரைமசால் பொடிப்பொடியாக உதிர்ந்து ரவிக்கைக்குள் போனது. பெட்டியின் அடியில் இருந்த பொன்னிறப் புல் மேல் தலை சாய்த்ததுதான் தெரியும் கண்ணு, வயல் முழுக்கப் பொன்னாக அலையடிக்கிறது, நம் வீடு அதன் மேல் படகு போல மெல்ல நகர்கிறது, சீமாட்டி கால் தரையில் படாமல் மிதந்து வருகிறாள், நொண்டவே இல்லை, என் காதருகே வந்து, "இதுதான் பாட்டி" என்கிறாள். உன் அம்மா என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம், மரியாதை தெரியாதவள்.

எழுந்ததும் கடைக்காரருக்குப் போன் போட்டு, "வயல் முழுக்க அந்தப் பொன்னிறப் புல்தான்" என்றேன். "பொன்னிறமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "பாத்துச் சொல்றேம்மா" என்றார். அசந்துபோய்விட்டார் பாவம். ஆகவே நீ குதிரையை நினைத்து உருகாமல் படி.

நீ உட்கார்ந்த இடம் குளிரட்டும், எழுதிய பரீட்சை இனிக்கட்டும். அப்பன் அம்மாவின் அன்பும், சீமாட்டியின் கனைப்பும்.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: கடைக்காரர் இன்று காலை கூப்பிட்டார். அது வெறும் வைக்கோலாம், சாமான் நசுங்காமல் இருக்கப் பெட்டியில் திணித்ததாம். வயலில் டாக்டர் சொன்ன அறுகுதான் விழுகிறது. உன் அப்பன் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், சிரிக்கட்டும். கடைக்காரரிடம் இன்னொரு பெட்டி கேட்டிருக்கிறேன். சாமான் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.