பாட்டுப் பெட்டிக்கு ஏழு சோதனை

உடன்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சலவைக் கடையும் நலம். அங்கே நீயும் உன் ரிப்பேர் கடையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இருங்கள்.

நீ கொடுத்த பாட்டுப் பெட்டி பத்து நாளாகப் பாடவில்லை, வேறு அனுப்பு என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு நீ, யாரோ வாடிக்கையாளருக்கு அனுப்புவது போல, 'மாற்றித் தருமுன் செய்ய வேண்டிய ஏழு சோதனைகள்' என்று ஒரு தாளை அனுப்பியிருக்கிறாய். இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு அச்சடித்த தாள். பக்கத்து மேசையில் என் ஓரகத்தி கடை திறக்கும்போது பேச ஆரம்பித்தால் பூட்டும்வரை நிறுத்த மாட்டாள் என்று உனக்குத் தெரியாதா? காதில் பாட்டு இருந்ததால்தான் மூன்று வருஷமாகப் பதில் பேசாமல் துணி தேய்க்கிறேன். ஒருநாள் நான் வாயைத் திறந்தால் கடை இரண்டாகிவிடும்.

சரி, செய்து தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். வேறு இயர்போன் மாட்டிப் பார் என்றாய். அவளிடமே இரவல் கேட்டேன், அதை வாங்கிய கதையை அரை மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள், அதிலும் பாடவில்லை. வேறு பிளக்கில் சார்ஜ் போடு என்றாய். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி இதைச் சொருகினேன், திரும்ப இஸ்திரிப் பெட்டியைச் சொருகும்போது அது பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மேல் குப்புறக் கிடந்ததை யார் கண்டது? இப்போது கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி படம் இருக்கிறது. "இத மாட்டிக்கிட்டு நான் பல்லு புடுங்கணுமா, துணி தேய்க்கணுமா?" என்று அந்த மனுஷன் கேட்கிறார். சார்ஜ் ஓட்டையை பிரஷ்ஷால் துடை என்றாய். எங்களிடம் இருப்பது காலர் பிரஷ், அதிலிருந்த கஞ்சி உள்ளே போய் உறைந்துவிட்டது. ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கு என்றாய், அமுக்கினேன், இருந்த பாட்டெல்லாம் போய் இப்போது எனக்குத் தெரியாத மொழியில் அது என்னைக் கேள்வி கேட்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் அந்த மொழி தெரிந்தவர்கள் செய்யட்டும். ஏழாவதாக என்ன எழுதியிருக்கிறாய்? 'இதன் பின்னும் பாடாவிட்டால் பழுது எனக் கொள்ளலாம்.' அதைத்தானடா நான் முதல் வரியிலேயே எழுதினேன்.

கடிதம் கண்டதும் புதுசு அனுப்பி வை. கூடவே தாள் கீள் வைத்தால் அக்கா தம்பி உறவு அன்றோடு சரி. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு, பெட்டி வந்த பிறகு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் அக்கா

பி.கு.: பெட்டி அனுப்பாதே. உறைக்குப் பசை தடவும்போது செத்த பெட்டியின் இயர்போன் காதிலேயே இருந்தது. நான் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்து, மூன்று வருஷமாக என்னிடம் "ம்" தவிர வேறு பேசாத உன் அத்தான், என் ஓரகத்தியிடம் வாயைத் திறந்தார். "அவ கொறட்டையில செவுரே அதிருது. அவ தம்பி ஒரு வெத்துவேட்டு. வீட்டுக்கு வந்தாலும் அவ காதுல அந்தப் பாட்டுதான். எனக்கும் ஒரு பேச்சுத் துணை வேணாமா?" அதற்கு அவள், "பாவம் மாமா நீங்க" என்கிறாள். பாட்டுக்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். இன்னும் நிறைய இருக்கிறதாம், நாளைக்குச் சொல்கிறாராம். அவர் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்.