வண்டி ஓடுகிறது, நீங்கள் வர வேண்டாம்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், வண்டியும் நலம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் பேத்தியும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டு நீங்கள் இங்கே வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வேலை பார்க்கும் கோல்ஃப் மைதானத்தில் கழித்துக் கட்டிய பேட்டரி வண்டியைச் சரிசெய்து எங்களுக்குத் தந்தீர்களே, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அத்தைக்கு அதுதான் கால். தினமும் மாலை எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸுக்குச் சீட்டாட அவளை நான்தான் அதில் கூட்டிப்போகிறேன். நாங்கள் சண்டை போடாமல் பேசிக்கொள்வதே அந்தப் போக வர நேரத்தில்தான். அப்படிப்பட்ட வண்டி திங்கட்கிழமை மேட்டில் முக்கி முனகி நின்றுவிட்டது. பின்னாலேயே புத்தம் புது வண்டியில் வந்தார் எதிர்வீட்டுப் பல் டாக்டர். "அம்மா, நீங்க ஏறுங்க, நான் விட்டுடறேன்" என்றார். இவளும் ஏறிக்கொண்டு, போகிற போக்கில் எனக்குக் கையை வேறு ஆட்டினாள். மறைப்பானேன் மாப்பிள்ளை, எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு தடவை இவள் அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

உங்களுக்கு ஃபோன் போட்டேன். "பேட்டரி கனெக்‌ஷன் லூசாகியிருக்கும் மாமா. நீங்க கை வைக்காதீங்க, ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்" என்றீர்கள். பிறகு என்னைத் தெரிந்தவராகையால், "வச்சே தீருவேன்னா இதெல்லாம் செஞ்சுட்டு வைங்க" என்று வரிசையாகச் சொன்னீர்கள். ஒன்றுவிடாமல் செய்தேன். சாவியை எடுத்தேன், சீட்டைத் தூக்கி அடியில் இருக்கிற ஸ்விட்ச்சை ஓட்டும் பக்கத்திலிருந்து கட்டி இழுத்துப்போகும் பக்கத்துக்குத் தள்ளினேன், கைக்கடிகாரத்தைக் கழற்றினேன், கல்யாணத்தன்று ஏறியதிலிருந்து இறங்காத மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டு இறக்கிப் பத்திரப்படுத்தினேன். ஸ்பேனர் தவறி இரண்டு முனையை ஒன்றாகத் தொட்டால் பொறி பறக்கும், டேப் சுற்றுங்கள் என்றீர்களே, அதையும் சுற்றினேன், கொஞ்சம் தாராளமாகவே, வாய் வரைக்கும். உலகத்திலேயே ஆபத்தில்லாத ஸ்பேனர் அதுதான், எந்த நட்டிலும் நுழையவில்லை. பாதி டேப்பைப் பிய்த்துப் போட்டேன். கண்ணுக்குப் பேத்தி விட்டுப்போன நீச்சல் கண்ணாடி, கைக்கு அத்தை பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. இந்தக் கோலத்தில் சீட்டுக்கடியில் தலையை விட்டிருந்தபோது பல் டாக்டர் வண்டியை நிறுத்தி, "சார், தண்ணி ரொம்ப ஆழமா?" என்று கேட்டார். போகச் சொல்லி ரப்பர் கையால் ஜாடை காட்டினேன்.

முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். ஒரு முனை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், விரல் பட்டாலே ஆடியது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்தேன். டாக்டர் இலவசமாகக் கொடுத்த பல் பிரஷ் அன்றுதான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. ஈரம் போகத் துடைத்து, எல்லா நட்டுகளையும் முறுக்கினேன். "ரொம்ப முறுக்கினா ஈய முனை ஒடிஞ்சிடும் மாமா" என்றீர்கள் அல்லவா, அதனால் சம்பந்தி வீட்டில் பேசுவதுபோல, உறுதியாக, ஆனால் அழுத்தாமல். மைனஸ் ஒயரைக் கடைசியில் மாட்டினேன்.

நேற்று மாலை அத்தை அலங்காரமாக ஏறி உட்கார்ந்தாள். மிதித்தேன். வண்டி அசையவில்லை. மறுபடி மிதித்தேன், ம்ஹூம். மூக்கில் வியர்த்ததுபோல் பல் டாக்டர் வந்து நின்றார். "என்னம்மா, வர்றீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தாள்.

"சீட்டுக்கு அடியில ஏதோ ஸ்விட்ச்சுன்னீங்களே, அதைத் திருப்பிப் போட்டீங்களா?"

போடவில்லை.

"நீங்க கிளம்புங்க டாக்டர். நான் எங்க வண்டியிலயே வந்துக்கறேன்" என்றாள். ஸ்விட்ச்சைப் போட்டேன். மேட்டில் வண்டி சிட்டாகப் பறந்தது. பாதி வழியில் என் தோளைத் தட்டி, "கெட்டிக்காரர்தான்" என்றாள். கல்யாணமானதிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன், மாப்பிள்ளை.

ஆகவே வர வேண்டாம், ஓய்வெடுங்கள். மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இனி யார் தயவும் தேவைப்படாத,
உங்கள் மாமனார்.

பி.கு.: பேட்டரிமேல் குனியும்போது சட்டைப் பையில் பேனா, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது என்றீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பைதான் காலியாக இருக்கிறதே என்று மோதிரத்தை அதில் போட்டேன். இப்போது பையும் காலி. டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே அடியில் ஏதோ மினுங்குகிறது. அத்தை என் வெறும் விரலைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வர்ற வரைக்கும் அந்தச் சீட்டைத் தூக்கினீங்கன்னா பாருங்க" என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இன்று மாலை இருவரும் பல் டாக்டர் வண்டியில்தான் போனோம். அவள் முன்னால், அவர் பக்கத்தில். நான் பின்சீட்டில், போகிற வழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஞாயிறு வரை தாங்காது மாப்பிள்ளை, சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.